பதினாறு மணி நேரப் பட்டினியும் காலை மாத்திரையும்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 51. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். ஏழு வருடமாகச் சுகர் இருக்கிறது. கிளிமெபிரைடு 2, மெட்ஃபார்மின் 500 சேர்ந்த மாத்திரை காலையும் இரவும் போடுகிறேன். எடை 83 கிலோ. போன மாதம் எடுத்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சுகர் சராசரி) 8.4. வீடியோ பார்த்து இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் தொடங்கி ஐந்து வாரம் ஆகிறது. கடை அடைத்து வந்து ராத்திரி 10 மணிக்குச் சாப்பிட்டால் மறுநாள் மதியம் 2 மணிக்குத்தான் அடுத்த சாப்பாடு. நடுவில் சர்க்கரை போடாத பால் காபி ஒன்று. மாத்திரையை மட்டும் வழக்கம்போலக் காலை 8 மணிக்குப் போட்டுவிடுகிறேன். இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. ஆனால் சில நாள் 11 மணி வாக்கில் கை நடுங்குகிறது, வேர்க்கிறது, கூட்டல் தப்பாகப் போகிறது. டீ குடித்தால் சரியாகிவிடுகிறது. இவ்வளவு பட்டினி கிடந்தும் காலை வெறும் வயிற்றுச் சுகர் 160-க்குக் கீழே வரவில்லை. அது ஏன்? என் நண்பர் இப்படி இருந்தே மாத்திரையை நிறுத்திவிட்டார். நானும் நிறுத்த முடியுமா? ஐப்பசியில் கந்த சஷ்டி விரதம் இருக்க வேண்டும், இருக்கலாமா? என்னைப் பார்த்து 74 வயதான என் அம்மாவும் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டார். அவர் இரண்டு வேளை இன்சுலின் போடுகிறவர், பிரஷர் மாத்திரையும் உண்டு.
— ஒரு வாசகர், மதுரை

பதில்: அம்மாவைப் பற்றிக் கடைசியில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். என்னுடைய முதல் பதில் அதற்குத்தான். இன்று இரவே அவரைச் சாப்பிடச் சொல்லுங்கள். இதற்காக அடுத்த மாதச் செக்கப் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

இரண்டு வேளை ஊசி என்றால் பெரும்பாலும் 30/70 கலவை இன்சுலினாக இருக்கும். பாட்டிலிலோ பேனாவிலோ எழுதியிருக்கும், பாருங்கள். அதில் 30 பங்கு சீக்கிரம் வேலை செய்யும். மீதி 70 பங்கு மெதுவாகத் தொடங்கி நடு ராத்திரியைத் தாண்டியும் வேலை செய்துகொண்டிருக்கும். அந்த ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால், வீடே தூங்குகிற ஒரு மணி, இரண்டு மணிக்குச் சுகர் இறங்கும். காலையில் எழும்போது தலையணை வேர்வையில் நனைந்திருக்கிறதா, தலைவலிக்கிறது என்கிறாரா, கெட்ட கனவு வந்தது என்கிறாரா என்று கேளுங்கள். இவையெல்லாம் ராத்திரி லோ சுகரின் அடையாளங்கள். அவருடைய பிரஷர் மாத்திரை அட்டினலால், மெட்டோப்ரலால் வகை என்றால் படபடப்பும் நடுக்கமும் வெளியே தெரியாமல் போகலாம். வேர்வை மட்டும் மறையாது. இந்த வயதில் பாத்ரூமுக்கு எழுந்து, தலைசுற்றி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தால் அப்புறம் நடமாட்டமே போய்விடும். அவருக்குச் சுகர் கொஞ்சம் கூடுதலாக இருந்தால்கூடப் பரவாயில்லை, தாழக் கூடாது. வயதானவர்களுக்கு எச்பிஏ1சி 8 வரை இருக்கலாம் என்று நாங்களே விட்டுக்கொடுப்பது இதனால்தான்.

"சாப்பிடாத நாளில் ஊசியும் போடுவதில்லை" என்று அவர் சொன்னாலும் அது சரியில்லை. ஊசியை இஷ்டத்துக்கு நிறுத்தினால் சுகர் 400-ஐத் தாண்டி வேறு ஆபத்தில் கொண்டுபோய் விடும். ராத்திரி ஏழரை மணிக்குள் இரண்டு இட்லியோ, ஒரு தோசையோ, ஒரு கிண்ணம் காய்கறி போட்ட கிச்சடியோ, அவருக்குப் பிடித்ததைக் கொடுங்கள். ஊசியின் அளவை அவருடைய டாக்டர் பார்த்து மாற்றட்டும். இந்த விரதம் அம்மாவுக்கு வேண்டாம்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருவோம்.

11 மணிக்கு வருகிற நடுக்கத்தை நீங்கள் பட்டினிக் களைப்பு என்று நினைக்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் மாத்திரை மேல்தான். உங்கள் மாத்திரையில் இரண்டு மருந்து இருக்கிறது. மெட்ஃபார்மின் பெரும்பாலும் கல்லீரல் சர்க்கரையை அதிகமாக வெளியிடாமல் தடுக்கிறது. அது தனியாக லோ சுகரை உண்டாக்குவது அபூர்வம். கிளிமெபிரைடு அப்படியில்லை. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா, பட்டினியா என்று அது பார்ப்பதில்லை. போட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்துக்கு வரும், அதன் வேகம் ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க இருக்கும். 8 மணிக்கு வெறும் வயிற்றில் போட்டு, 11 மணிக்கு நடுங்குகிறது, கூட்டல் தப்புகிறது என்கிறீர்கள். கணக்கு சரியாகப் பொருந்துகிறது. கணக்கில் பிசகு வருவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். மூளைக்குச் சர்க்கரை போதவில்லை என்பதன் அடையாளம் அது. அதே நிலையில் நீங்கள் டூவீலரில் கோரிப்பாளையம் சிக்னலைத் தாண்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும் இன்னும் உறுதிப்பட வேண்டும். நடுங்குகிற அந்த நிமிடத்தில் குளுக்கோமீட்டரில் குத்திப் பார்த்தீர்களா என்று எழுதவில்லை. நெடுநாள் 200, 250 என்று பழகிப்போன உடம்புக்கு, சுகர் 100-க்கு இறங்கினாலே படபடப்பு வருவது உண்டு. அது ஆபத்தில்லை, சில வாரத்தில் பழகிவிடும். 70-க்குக் கீழே என்றால் உண்மையான லோ சுகர். 54-க்குக் கீழே என்றால் அவசரம். எது என்று மீட்டர்தான் சொல்லும். அதனால் மீட்டரைக் கடைக்குக் கொண்டுபோய்க் கல்லாப்பெட்டி பக்கத்திலேயே வையுங்கள், வீட்டு அலமாரியில் இருந்து பயனில்லை.

70-க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். குளுக்கோஸ் பவுடர் இருந்தால் இன்னும் நல்லது. 15 நிமிடம் உட்கார்ந்திருந்து மறுபடி குத்திப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறியபிறகு நிறுத்திவிடக் கூடாது, இரண்டு இட்லியாவது சாப்பிட வேண்டும். மாத்திரையின் வேகம் அன்று முழுக்க இருக்கும் என்பதால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த தெம்பு ஒரு மணி நேரத்தில் கரைந்து திரும்ப இறங்கும். டீயில் சரியாகிவிட்டது என்று அத்தோடு விட்டுவிட்டு வேலையைப் பார்ப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. சாக்லேட், பால் எல்லாம் அந்த நேரத்துக்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். இன்னொன்று: நம் ஊரில் மூன்று மருந்து சேர்ந்த மாத்திரைகளில் வோக்ளிபோஸ் என்று ஒன்று இருக்கும். அட்டையில் அந்தப் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சாதாரணச் சர்க்கரையும் டீயும் சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். கடையில் உங்களோடு இருக்கிற ஒருவருக்காவது இதைச் சொல்லி வையுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-க்குப் போன் பண்ண வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆகவே, இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பாருங்கள். அதுவரை 16 மணி நேரப் பட்டினியை நிறுத்தி, காலை மாத்திரையைக் காலைச் சாப்பாட்டோடு போடுங்கள். டாக்டரிடம் "நான் சாப்பாட்டு நேரத்தை மாற்றப் போகிறேன், கிளிமெபிரைடைக் குறைக்கலாமா, அல்லது வேறு மாத்திரைக்கு மாறலாமா?" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் போன்றவை சாப்பாட்டுக்குத் தகுந்தபடி வேலை செய்பவை. தனியாகவோ மெட்ஃபார்மினுடனோ போடும்போது லோ சுகர் வருவது குறைவு. காப்புரிமை முடிந்தபின் இவற்றின் விலை நன்றாக இறங்கிவிட்டது, மக்கள் மருந்தகத்திலும் கிடைக்கும். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்ற வகை எழுதிக்கொடுத்தால் விரதம் பற்றி மறக்காமல் சொல்லுங்கள். அவை சிறுநீர் வழியாகச் சர்க்கரையையும் தண்ணீரையும் வெளியேற்றுபவை. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பட்டினியும் சேர்ந்தால் உடம்பு வற்றிவிடும். அபூர்வமாக, சுகர் பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடும் நிலையும் வரும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் என்று காட்டும்.

டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்று பயந்து ஃபாஸ்டிங்கை மறைப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். தயவுசெய்து மறைக்காதீர்கள். சாப்பாடு மாறினால் மாத்திரையும் கூடவே மாற வேண்டும். தட்டு ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம் என்று போனதால்தான் உங்களுக்கு இந்தத் தொந்தரவு.

வெறும் வயிற்றில் 160 ஏன் என்று கேட்டீர்கள். ராத்திரி முழுக்கச் சாப்பிடாவிட்டாலும் ரத்தத்தில் சர்க்கரை இருந்தாக வேண்டும். கடைக்குச் சரக்கு வராத நாளில் குடோனிலிருந்து எடுத்துக் கொடுப்பது போலக் கல்லீரல் தன் கையிருப்பிலிருந்து கொடுக்கும். விடியப்போகிற நேரத்தில் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் ஏறி, "இன்னும் கொடு" என்று அதை விரட்டும். சுகர் இல்லாதவருக்கு இன்சுலின் அதை அடக்கிவிடும். நமக்கு அந்த அடக்கும் சக்தி குறைவு, அதனால் ஏறுகிறது. பட்டினியை இன்னும் இரண்டு மணி நேரம் நீட்டினால் இது குறையும் என்று நினைக்காதீர்கள். எடை குறைந்து, ஈரலில் படிந்த கொழுப்பு கரையக் கரையத்தான் குறையும். தவிர, ராத்திரி 10 மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுப் பத்தே முக்காலுக்குப் படுப்பவருக்குக் காலை அளவு கூடுதலாகத்தான் இருக்கும்.

என் கருத்தில் உங்கள் திட்டத்தின் உண்மையான கோளாறு அந்த 10 மணிதான். 16 மணி நேரம் பட்டினி என்று எண்ணியவர், எந்த 16 மணி நேரம் என்று பார்க்கவில்லை. காலையில் இன்சுலின் நன்றாக வேலை செய்யும், பொழுது சாயச் சாய மந்தமாகும். ஒரே அளவு சோறு மதியம் ஏற்றுவதைவிட ராத்திரி கூடுதலாக ஏற்றும். 2018-இல் சுகர் எல்லைக்கோட்டில் இருந்த ஆண்களை வைத்து ஒரு சிறிய ஆய்வு வந்தது. மூன்று மணிக்குள் அன்றைய கடைசிச் சாப்பாட்டை முடித்தவர்களுக்கு, எடை குறையாமலே இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது. மூன்று மணிக்கு ராத்திரிச் சாப்பாடு என்பது நம்மால் முடியாது, அது தேவையும் இல்லை. ஆனால் காலையை விட்டு ராத்திரியைப் பிடிப்பதைவிட, ராத்திரியை முன்னால் இழுத்துக் காலையைக் காப்பாற்றுவது மேல்.

தூங்கா நகரத்தில் இதைச் சொல்வது சுலபம், செய்வது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கடை அடைக்கவே ஒன்பதரை ஆகும், வழியெல்லாம் புரோட்டா கல்லில் தட்டுகிற சத்தம். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். மதியச் சாப்பாட்டோடு இரவுக்கும் ஒரு டிபன் பாக்ஸ் எடுத்துப்போய் ஏழு மணிக்குக் கடையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். முதலாளியிடம் சொன்னால் பதினைந்து நிமிடம் கொடுக்காமல் போகமாட்டார். காலை ஏழரைக்கு இட்லி, இரவு ஏழுக்குக் கடைசிச் சாப்பாடு என்றால் பன்னிரண்டரை மணி நேரம் வயிறு சும்மா இருக்கும். மாத்திரையை டாக்டர் சரிசெய்து, இரண்டு வாரம் மீட்டரில் 80-க்குக் கீழே ஒரு தடவையும் இறங்கவில்லை என்றால், காலைச் சாப்பாட்டை எட்டரைக்கும் இரவை ஆறரைக்கும் நகர்த்தி 14 மணி நேரம் வரை போகலாம். உங்களுக்கு அதற்கு மேல் தேவையில்லை.

இந்த முறையில் மந்திரம் எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2022-இல் சீனாவில் ஓர் ஆண்டு நடந்த ஆய்வில், கலோரியை அளந்து சாப்பிட்டவர்களும், அதே கலோரியை 8 மணி நேரத்துக்குள் சாப்பிட்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவுதான் எடை குறைந்தார்கள். 2023-இல் சிகாகோவில் சுகர் உள்ளவர்களிடம் ஆறு மாதம் நடந்த ஆய்வில் 8 மணி நேர முறையாலும் கலோரி எண்ணும் முறையாலும் எச்பிஏ1சி ஏறக்குறைய 0.9 குறைந்தது. கலோரி எண்ணுவது நம் வீடுகளில் நடக்காத காரியம். "ஏழு மணிக்கு மேல் இல்லை" என்ற ஒரு கட்டுப்பாடு நடக்கும். நான் இதை ஆதரிப்பது அதற்காகத்தான்.

பட்டினி முடிந்து 2 மணிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் ஊகிக்க முடிகிறது. பதினாறு மணி நேரப் பசியில் உட்கார்ந்தால் குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று சோறு தானாக வந்து விழும். முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருநாள் குத்திப் பாருங்கள். 180-க்குள் இருக்க வேண்டும். உங்கள் 8.4 என்பது மூன்று மாதச் சராசரியாக 194 அளவுக்கு வருகிறது. காலையில் 160-தான் என்றால் மீதி உயரம் சாப்பாட்டுக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கிறது.

சோற்றை ஒரேயடியாக விடச் சொல்லவில்லை. முதலில் ஒரு கிண்ணம் கீரையோ பீர்க்கங்காய்க் கூட்டோ, கூடவே முட்டையோ, மீனோ, தட்டைப்பயறோ, சுண்டலோ சாப்பிடுங்கள். சோறு கடைசியில், ஒரே தடவை, ஒரு கப். இந்த வரிசையில் சாப்பிட்டாலே ஏறும் வேகம் குறையும். வாரத்தில் ஒருநாள் அயிரை மீன் குழம்பு வைத்தால் தாராளமாக மீனைச் சாப்பிடுங்கள், குழம்பை ஊற்றிப் பிசைகிற சோற்றில்தான் கட்டுப்பாடு வேண்டும். கம்பு, கேழ்வரகு என்றால் அளவே வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அவையும் மாவுச்சத்துதான், கூழாகக் கரைத்துச் செம்பு செம்பாகக் குடித்தால் வேகமாக ஏறும். ஜிகர்தண்டாவும் பருத்திப்பாலும் தினசரிப் பழக்கமாக இருந்தால் விட்டுவிடுங்கள். கருப்பட்டி போட்டாலும் சர்க்கரை சர்க்கரைதான். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிட நடை ஒரு சின்ன மருந்து மாதிரி வேலை செய்யும். மதிய வெயிலில் வேண்டாம், ஏழு மணிச் சாப்பாட்டுக்குப் பின் மாசி வீதியில் நடந்து வாருங்கள். பட்டினி நேரத்தில் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், பாலும் சர்க்கரையும் இல்லாத டீ, காபியும் குடிக்கலாம்.

மாத்திரையை நிறுத்திய நண்பரைப் பற்றி: நடக்கக்கூடியதுதான், பொய்யில்லை. பிரிட்டனில் 2017-இல் வெளியான டைரெக்ட் ஆய்வில், சுகர் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்களுக்கு மாதக்கணக்கில் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்து, மாத்திரைகளை நிறுத்தினார்கள். ஓர் ஆண்டில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சுகர் கட்டுக்குள் இருந்தது. 15 கிலோவுக்கு மேல் குறைந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு. குறைந்த எடைதான் இங்கே காரணம். அதுவும் டாக்டர், நர்ஸ் கண்காணிப்பில் நடந்தது. உங்களுக்கு ஏழு வருடம் ஆகிவிட்டது, வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. இப்போதைக்கு நிறுத்துவதைப் பற்றி நினைக்காதீர்கள். நான்கு கிலோ குறைந்தாலே உங்கள் எடையில் 5 சதவீதம். அதிலேயே சுகரும் பிரஷரும் இறங்குவதைப் பார்ப்பீர்கள். இரண்டு கிலோ ஏற்கெனவே குறைத்துவிட்டீர்கள், அந்த உழைப்பை நான் மதிக்கிறேன்.

இந்தப் புதிய சாப்பாட்டு நேரத்தைத் தொடங்கும் முன், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் இரண்டையும் பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் கிளிமெபிரைடின் வேகம் உடம்பில் நீடித்து லோ சுகர் கூடும். விழித்திரையையும் பாருங்கள். நெடுநாள் உயர்ந்திருந்த சுகர் திடீரென்று இறங்கும்போது, ஏற்கெனவே பாதிப்புள்ள கண் தற்காலிகமாக மோசமாவது உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற ஊரில் இருந்துகொண்டு வருடத்துக்கு ஒருமுறை கண்மணியை விரித்துப் பார்க்காமல் இருக்கக் கூடாது.

கடைசியாகக் கந்த சஷ்டி. முருகனுக்கு இருக்கிற விரதத்தை நான் தடுக்கமாட்டேன். ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் என்பது உங்களுக்குச் சரிவராது. வாழைப்பழமும் பாலும் வயிற்றில் ஏறின உடனே சுகரை ஏற்றும், அப்புறம் மாத்திரை இழுத்துக் கீழே தள்ளும். ஒருவேளைச் சாப்பாடு, மற்ற வேளைகளுக்கு வேகவைத்த சுண்டல், மோர், அரை கொய்யா என்று வைத்துக்கொண்டால் விரதமும் நிற்கும், உடம்பும் நிற்கும். ரமலான் நோன்பு இருக்கும் சுகர்காரர்களுக்கு டாக்டர்கள் சொல்கிற விதியையே உங்களுக்கும் சொல்கிறேன்: மீட்டர் 70-க்குக் கீழே காட்டினாலும், 300-க்கு மேலே காட்டினாலும் அந்த நிமிடமே விரதத்தை முடித்துவிட வேண்டும். விரலில் குத்திப் பார்ப்பதால் விரதம் கலையாது. ஐப்பசிக்கு ஒரு மாதம் முன்னால், மூன்று நாள் அளவுகளைக் காலை வெறும் வயிறு, 11 மணி, மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் பின், படுக்கும் முன் என்று நாளுக்கு நான்கு தடவை எழுதி எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போங்கள். அந்த ஆறு நாளுக்கு மட்டும் மாத்திரை எப்படி என்பதை அவரிடமே ஒரு சீட்டில் எழுதி வாங்கி வந்துவிடுங்கள்.